மாலிக்யுலர் பயாலஜி பிஎச்டி முடிச்சிட்டு பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் போஸ்ட்டாக் போகலாமா?

நீங்க கேட்டத முதல்ல ஒரு தடவ சொல்லிடறேன், வேற யாராச்சும் படிச்சாலும் புரியணும். பிஎச்டி மாலிக்யுலர் பயாலஜில, இன்னும் ஆறு மாசத்துல தீசிஸ் குடுக்கப் போறீங்க, கடைசி ரெண்டு வருஷம் உங்க ஆர்என்ஏ-சீக் (எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கற சீக்குவென்சிங்) டேட்டாவ நீங்களே ஆர்-ங்கற ப்ரோக்ராமிங் மொழில உக்காந்து அனலைஸ் பண்ணீங்க, அது மனசுக்குப் பிடிச்சுப் போச்சு. இப்ப ரெண்டு போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் ஒரு லேப்ல சில வருஷம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை) ஆஃபர் இருக்கு. ஒண்ணு முழுக்க பெஞ்ச் வேலை, அதாவது கையால பண்ற சோதனை, எலிகள வச்சு. இன்னொண்ணு ஒரு பெரிய வெட் லேப் (பெஞ்ச் சோதனை பண்ற லேப்), அங்க "எங்ககிட்ட டேட்டா நிறைய கிடக்கு, பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (பயாலஜி டேட்டாவ கம்ப்யூட்டர்ல அலசறது) தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்ல, நீங்க வந்தா எல்லாருக்கும் உதவியா இருக்கும்"னு கூப்பிடறாங்க. எதுக்குப் போறது, எத்தன வருஷம் இருக்கறது, அப்புறம் வேலை கிடைக்குமா.

நான் பெஞ்ச்ல பிஎச்டி பண்ணி, அப்புறம் ரெண்டு போஸ்ட்டாக்கும் கம்ப்யூட்டர் பக்கம் பண்ணி, இப்ப ஒரு சின்ன குரூப் நடத்தறேன், வருஷா வருஷம் போஸ்ட்டாக் அப்ளிகேஷன் படிக்கற இடத்துல இருக்கேன். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் தாராளமா போங்க. ஆனா அந்த ரெண்டாவது ஆஃபர, இப்ப அவங்க சொல்லியிருக்கற மாதிரியே, அப்படியே வாங்கிக்காதீங்க.

ஏன்னா நான் முதல்ல போன போஸ்ட்டாக் கிட்டத்தட்ட இதேதான். லேப்ல பதினஞ்சு பேர், எல்லாரும் பைப்பெட் பிடிக்கறவங்க, கோட் எழுதறது நான் ஒரே ஆளு. ரொம்ப நல்ல மனுஷங்க, யாரையும் குறை சொல்ல மாட்டேன். காலைல போனதும் ஒருத்தர் வந்து இந்த வால்கனோ ப்ளாட்ல என் ஜீனுக்கு மட்டும் லேபில் போட்டுத் தாங்கம்பார், மத்தியானம் இன்னொருத்தர் ரிவ்யூவர் கேட்டுட்டாருன்னு ஒரு ஹீட்மேப் கேப்பார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிஐ (லேப் தலைவர்) வந்து புது சீக்குவென்சிங் ரன் வந்திருக்கு திங்கக்கிழமை மீட்டிங்க்கு முன்னாடி பாத்துடலாமாம்பார். மூணு வருஷம் இப்படியே ஓடுச்சு. ஒன்பது பேப்பர்ல என் பேரு இருந்துச்சு, ஒன்பதுலயும் நடுவுல, முக்கிய வேலை பண்ணவங்க பேரு வர்ற முதல் இடத்துல இல்ல. வேலைக்கு இன்டர்வியூ போனப்ப கமிட்டில ஒருத்தங்க ரொம்ப மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, இதுல உங்க கேள்வி எதுன்னு. எனக்கு பதில் சொல்ல வரல. ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க, போஸ்ட்டாக்ல அது நடக்காதுங்க, தன் பிள்ளைக்குன்னு நேரம் ஒதுக்கி நாமதான் ஊட்டணும்.

இதுல இன்னொரு ஆபத்து இருக்கு, அத யாரும் ஆஃபர் குடுக்கும்போது சொல்ல மாட்டாங்க. லேப்ல நீங்க ஒரே ஆளா இருந்தா உங்க கோட படிச்சுப் பாக்க யாரும் இல்ல. பெஞ்ச்ல ப்ரோட்டீன் பாக்கற வெஸ்டர்ன் ப்ளாட் ஒண்ணு கோணலா வந்தா பக்கத்து பெஞ்ச்ல இருக்கறவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க, ஆனா ஒரு டேபிள்ல வரிசை ஒண்ணு கீழ நகந்து போயிருந்தா ப்ளாட் அழகாத்தான் வரும், யாருக்கும் தெரியாது. இது கற்பனை இல்ல. கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ்னு ரெண்டு பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆளுங்க, புற்றுநோய்க்கு எந்த மருந்து யாருக்கு வேலை செய்யும்னு ஜீன் எக்ஸ்ப்ரஷன வச்சு சொல்றோம்னு வந்த சில பேப்பர்கள எடுத்து, திரும்பத் திரும்ப கணக்கு போட்டுப் பாத்து, ஜீன் லிஸ்ட் ஒரு வரிசை தள்ளிப் போயிருக்கு, லேபில் மாறிப் போயிருக்குன்னு 2009-ல வெளியிட்டாங்க. அதுக்குள்ள அந்தக் கணக்க நம்பி நோயாளிங்கள வச்சு ட்ரயலே ஆரம்பிச்சிருந்தாங்க. அதே மாதிரி எக்செல் பிரச்சினை, SEPT1-ன்னு எழுதற அந்த ஜீன் பேர எக்செல் செப்டம்பர் ஒண்ணாம் தேதின்னு மாத்திடும், மார்ச் ஜீன்களுக்கும் அதே கதி, கடைசில 2020-ல ஜீன்களுக்குப் பேர் வைக்கற கமிட்டியே அந்த ஜீன்களோட பேர மாத்திடுச்சு. அதனால உங்க தப்ப பிடிக்கற அளவுக்கு விஷயம் தெரிஞ்ச ஒரு ஆளாவது பக்கத்துல இருக்கற இடம்தான் கத்துக்க ஏத்த இடம்.

சரி அப்ப அந்த ஆஃபர விட்டுடறதா? வேண்டாம், பேசுங்க. நான் ரெண்டாவது போஸ்ட்டாக்க்கு முன்னாடி பேசின மாதிரி பேசுங்க. சேர்றதுக்கு முன்னாடி பிஐ-க்கு ஒரு மெயில் போட்டு மூணு விஷயம் எழுத்துல வாங்கிடுங்க. என் நேரத்துல பாதி எனக்குன்னு ஒரு கேள்விக்கு, அதுல ஃபர்ஸ்ட் ஆத்தர் நான். மத்தவங்க டேட்டா பாக்கறது வாரத்துல இத்தன நாள், அதுல அனலிசிஸ் முழுக்க நான் பண்ணி டிசைன்லயும் உக்காந்திருந்தா கோ-ஃபர்ஸ்ட் (முதல் ஆத்தர் இடத்தப் பகிர்ந்துக்கறது) பத்தி ஆரம்பத்துலயே பேசிடணும். அப்புறம் பக்கத்துல இருக்கற ஒரு கம்ப்யூட்டேஷனல் குரூப்ல கோ-மென்ட்டர் ஒருத்தர், அவங்க குரூப் மீட்டிங்க்கு நான் வாரா வாரம் போவேன். நல்ல பிஐ இதப் படிச்சா சந்தோஷப்படுவார், ஏன்னா தெளிவா இருக்கற ஆளு கிடைச்சிருக்காங்கன்னு அர்த்தம். "அதெல்லாம் வந்தப்புறம் பாத்துக்கலாம்"னு பதில் வந்தா, வந்தப்புறம் யாரும் பாக்க மாட்டாங்க, இது நான் அனுபவிச்சுச் சொல்றது.

எனக்குன்னு ஒரு கேள்வின்னா என்னன்னு கேப்பீங்க. பெரிய டேட்டா, பெரிய க்ளஸ்டர் எல்லாம் இருந்தாத்தான் கேள்வி வரும்னு இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஃப்ரான்சிஸ்கோ மொஹிகா. ஸ்பெயின்ல அலிகாந்தே பல்கலைக்கழகத்துல, பாக்டீரியா டிஎன்ஏ-ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு வரிசைய வருஷக்கணக்கா விடாம பாத்துக்கிட்டிருந்தார். அந்த ரிப்பீட்டுக்கு நடுவுல இருக்கற துண்டுகள எடுத்து பப்ளிக் டேட்டாபேஸ்ல தேடினப்ப அது பாக்டீரியாவத் தாக்கற வைரஸ்களோட வரிசையோட பொருந்துச்சு, அப்ப இது பாக்டீரியாவோட நோய் எதிர்ப்பு அமைப்பா இருக்கணும்னு எழுதினார். பெரிய ஜர்னல்கள் எல்லாம் திருப்பி அனுப்பிச்சு, கடைசில 2005-ல வந்துச்சு. நாம இன்னிக்கு ஜீன் எடிட்டிங்க்கு உபயோகிக்கற க்ரிஸ்பர்னு சொல்றோமே, அதோட ஆரம்ப அடிகள்ல ஒண்ணு இது. அவர் உபயோகிச்சது எல்லாரும் உபயோகிக்கற சீக்குவென்ஸ் தேடல்தான், ஆனா கேள்வி அவரோடது, வேற யாருக்கும் அந்த ரிப்பீட் மேல அவ்வளவு அக்கறை இல்ல. உங்க பிஎச்டில நாலு வருஷம் ஒரு ப்ரோட்டீனோட மல்லுக்கட்டியிருக்கீங்க, அதப் பத்தி மத்தவங்க கவனிக்காத ஏதோ ஒண்ணு உங்க நோட்டுல நிச்சயமா எழுதி வச்சிருப்பீங்க, அங்க இருந்து ஆரம்பிங்க. டேட்டா வெளிய கொட்டிக் கிடக்கு, டிசிஜிஏ-ங்கற புற்றுநோய் ஜீனோம் தொகுப்புல மட்டும் 33 வகை புற்றுநோய், 11,000-க்கு மேல நோயாளிங்க, ஜீன் எக்ஸ்ப்ரஷன் டேட்டா சேக்கற ஜியோ டேட்டாபேஸ் 2000-ல இருந்து சேந்துக்கிட்டே வருது, நிறையப் பேர் ஒரு பேப்பருக்கு உபயோகிச்சிட்டு விட்டுட்டுப் போன டேட்டாதான் அதெல்லாம்.

கேள்வி பயாலஜியா இல்லாம டூலா இருந்தாலும் சரிதான். ஹெங் லி, பிரிட்டன்ல இருக்கற சாங்கர் இன்ஸ்டிட்யூட்ல ரிச்சர்ட் டர்பின்கிட்ட போஸ்ட்டாக்கா இருந்தப்ப எழுதின பிடபிள்யூஏ, சாம்டூல்ஸ்ங்கற சீக்குவென்ஸ் டேட்டா டூல் ரெண்டும் 2009-ல வந்துச்சு, இன்னிக்கும் ஜீனோம் சீக்குவென்சிங் பண்ற எந்த லேப்ல கேட்டாலும் அது தெரியும். ஏரன் க்வின்லன் பெட்டூல்ஸ்னு இன்னொரு டூல் எழுதினதும் போஸ்ட்டாக்லதான், 2010-ல பேப்பர் வந்துச்சு. ரெண்டு பேருமே அன்னிக்கு கையில இருந்த டேட்டாவோட தலைவலியத் தீக்கறதுக்காக எழுதினாங்க, அப்புறம் விட்டுட்டுப் போகாம வருஷக்கணக்கா பராமரிச்சாங்க, யூசர் கேள்விக்கெல்லாம் பதில் போட்டாங்க. பேப்பர் வந்ததும் கோட் போட்டு வைக்கற கிட்ஹப் தளத்துல அநாதையா விட்டுட்டுப் போன டூல் ஆயிரக்கணக்குல இருக்கு, அதுக்காக யாரையும் யாரும் ஞாபகம் வச்சுக்கறதில்ல. அந்தப் பொறுமை இருந்தா மட்டும் இந்த வழிக்குப் போங்க.

இப்ப மவுஸ் லேப் ஆஃபருக்கு வரேன். அத நான் மட்டமா நினைக்கல. ஆனா அங்க ஓடற கடிகாரம் வேற, அதத் தெரிஞ்சுக்கிட்டு போங்க. கணக்கு போட்டுப் பாருங்க, எலி கர்ப்பம் மூணு வாரம், குட்டி வளந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஆறுல இருந்து எட்டு வாரம், அப்ப ஒரு தலைமுறைக்கு ரெண்டரை மாசம் கிட்ட ஆகுது. நீக்க வேண்டிய ஜீனுக்குக் குறி போட்ட எலியையும் (ஃப்ளாக்ஸ்ட் அலீல்), அத வெட்டற என்சைம் இருக்கற எலி வம்சத்தையும் (க்ரீ லைன்) சேத்து உங்களுக்கு வேணும்கற ஜீனோடைப் வர குறைஞ்சது ரெண்டு க்ராஸ், அதாவது அஞ்சாறு மாசம் கழிச்சுத்தான் முதல் சோதனை எலியே உங்க கைக்கு வரும், அதுவும் லைன் ஏற்கனவே இருந்தா. வயசான எலி வேணும்னா அதுக்கு மேல ஒன்றரை ரெண்டு வருஷம். காண்ட்ராக்ட் என்னவோ ரெண்டு வருஷம்தான் இருக்கும். எலில வெளிய தெரியற மாற்றம் (ஃபீனோடைப்) எதுவும் வரலன்னா மூணாவது வருஷம் கையில ஒண்ணும் இல்லாம நிப்பீங்க, திறமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால அந்த லேப்க்குப் போனா கேக்க வேண்டியது, லைன் எல்லாம் இப்ப கூண்டுல உயிரோட இருக்கா, இல்ல ஃப்ரீசர்ல ஸ்பெர்மா இருக்கா, இல்ல இனிமேதான் ஆர்டர் பண்ணணுமா. அப்புறம் மெயின் ப்ராஜெக்ட்டோட கூட, ஒரு வருஷத்துல முடியற மாதிரி செல் லைன்லயோ ஏற்கனவே இருக்கற டேட்டாலயோ ஒரு சின்ன ப்ராஜெக்ட் கட்டாயம் வச்சுக்கங்க.

கம்ப்யூட்டர் பக்கம் கடிகாரம் வேகமா ஓடுது, அதுவும் பயம்தான். எட்டு மாசத்துல பேப்பர் எழுதிடலாம், ஆனா அதே எட்டு மாசத்துல வேற நாலு குரூப்பும் எழுதிடுவாங்க. 2020 நவம்பர் கடைசில ப்ரோட்டீன் வடிவத்த கணிக்கற காஸ்ப்-14 போட்டியோட ரிசல்ட் வந்தப்ப, ஆல்ஃபாஃபோல்ட்ங்கற ஏஐ அத அவ்வளவு துல்லியமா கணிச்சத பாத்து அதே வேலைல இருந்த எத்தனையோ போஸ்ட்டாக்குங்க ப்ராஜெக்ட்ட மாத்த வேண்டியதாப் போச்சு. 2022-க்குள்ள 20 கோடிக்கு மேல வடிவம் டேட்டாபேஸ்ல வந்தாச்சு, 2024-ல கெமிஸ்ட்ரி நோபல்ல பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பருக்கு, பாதி டேவிட் பேக்கருக்கு. ஆனா இதே விஷயத்த இன்னொரு பக்கம் பாருங்க, "எனக்கு இந்த ப்ரோட்டீன் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்"னு இருந்தவங்களுக்கு ஆல்ஃபாஃபோல்ட் ஒரு பெரிய பரிசு, அது எல்லாருக்கும் திறந்து விட்டதும் உபயோகிக்க ஆரம்பிச்சிட்டாங்க. மெத்தட மட்டும் நம்பி இருந்தவங்களுக்குத்தான் அடி. உங்கள மாதிரி பெஞ்ச்ல இருந்து வர்றவங்களுக்கு பயாலஜி கேள்வி கையில இருக்கறதால இந்த ஆபத்து கம்மி.

உங்ககிட்ட இன்னொரு பலமும் இருக்கு, அத நீங்களே மதிக்கலன்னு உங்க கேள்வியப் படிச்சா தெரியுது, "நான் ப்ரோக்ராமர் இல்லையே"ன்னு ரெண்டு எடத்துல எழுதியிருக்கீங்க. லைப்ரரி ப்ரெப் (சாம்பிள சீக்குவென்சிங்குக்குத் தயார் பண்றது) பண்ணின கைக்குத் தெரியும் எது எங்க கெட்டுப் போகும்னு. கன்ட்ரோல் சாம்பிள் எல்லாத்தையும் திங்கக்கிழமை ஒருத்தர், ட்ரீட்மென்ட் சாம்பிள் எல்லாத்தையும் வியாழக்கிழமை இன்னொருத்தர்னு ப்ரெப் பண்ணிட்டா அதுக்கப்புறம் எந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸாலயும் அத சரி பண்ண முடியாது, மருந்தோட விளைவையும் நாளோட விளைவையும் பிரிக்க வழியே இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இருந்து வர்றவங்க இத டேட்டா வந்தப்புறம்தான் கண்டுபிடிப்பாங்க, நீங்க டிசைன்லயே நிறுத்துவீங்க. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா அளக்கற சிங்கிள் செல்லும் அப்படித்தான், மூணு எலில இருந்து முப்பதாயிரம் செல் எடுத்தா உங்க ரெப்ளிகேட் (ஒண்ணையொண்ணு சாராத தனித்தனி சாம்பிள்) மூணுதான், முப்பதாயிரம் இல்ல, இந்தத் தப்பு இன்னமும் நடந்துக்கிட்டிருக்கு. நீங்க பலமாக்கிக்க வேண்டியது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். கிட்டத்தட்ட 20,000 ஜீன டெஸ்ட் பண்றோம், ஒரு மருந்து ஒண்ணுமே செய்யலன்னாலும் 0.05 கட்-ஆஃப்ல சும்மாவே ஆயிரம் ஜீன் மாறின மாதிரி தெரியும், இது ஏன்னு, அத எப்படி திருத்தறதுன்னு ஒரு பேப்பரும் பேனாவும் வச்சு விளக்கற அளவுக்கு வரணும். ஆர், பைத்தான், லினக்ஸ் கமாண்ட் லைன், கோட் மாற்றங்கள பதிஞ்சு வைக்கற கிட், அனலிசிஸ படிப்படியா ஓட்டற ஸ்நேக்மேக்கோ நெக்ஸ்ட்ஃப்ளோவோ ஒண்ணு, இதெல்லாம் ஆறு மாசம் தினமும் உபயோகிச்சா வந்துடும், இப்ப கோட் எழுதித் தர ஏஐ வேற இருக்கு. அது எழுதித் தர்றது சரியான்னு சொல்றதுக்குத்தான் நீங்க வேணும்.

பிஐ-ய எப்படி தேர்ந்தெடுக்கறதுன்னு தனியா கேட்டிருந்தீங்க. லேப் வெப்சைட்ல பழைய ஆளுங்க லிஸ்ட் இருக்கும், கடந்த பத்து வருஷத்துல போன போஸ்ட்டாக்குங்க இப்ப எங்க இருக்காங்கன்னு ஒவ்வொருத்தரா தேடுங்க. பேப்பர்ல பேரு இருக்கும் ஆனா லிஸ்ட்ல இருக்காது, அப்படி ஒருத்தரையாவது கண்டுபிடிச்சு பேசிடுங்க, சந்தோஷமா போனவங்க எல்லாரும் நல்லதுதான் சொல்வாங்க. கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒண்ணு, நான் போகும்போது ப்ராஜெக்ட்ல எதக் கூட எடுத்துட்டுப் போகலாம். இதுக்கு யோசிக்காம பதில் சொல்ற பிஐ ஏற்கனவே யாரையோ அப்படி அனுப்பி வச்சிருக்கார்னு அர்த்தம். சம்பளம் எந்த க்ராண்ட்ல இருந்து வருது, அது எப்ப முடியுதுன்னும் கூச்சப்படாம கேளுங்க, உங்க விசா பெரும்பாலும் அந்த காண்ட்ராக்ட்டோட கட்டிப் போட்டிருக்கும்.

ஃபெலோஷிப்புக்கு இப்பவே நாள் எண்ண ஆரம்பிச்சிடுங்க, ஏன்னா பெரும்பாலானதுக்கு பிஎச்டி தேதியில இருந்துதான் கணக்கு. ஐரோப்பிய யூனியனோட மேரி க்யூரி ஃபெலோஷிப்ல பிஎச்டிக்கு அப்புறம் 8 வருஷம் வரைக்கும் இடம் உண்டு, ஆனா கடைசி தேதிக்கு முந்தின 36 மாசத்துல போகப்போற நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது, நிறையப் பேர் முதல்ல போய் சேந்துட்டு நிதானமா அப்ளை பண்ணலாம்னு இருந்து இதுலதான் கோட்டை விடறாங்க. ஐரோப்பாவோட எம்போ ஃபெலோஷிப் 2 வருஷம் வரைக்கும், நாடு மாறணும். ஹ்யூமன் ஃப்ரான்டியர் 3 வருஷம், அது பிஎச்டி பண்ணின விஷயத்துல இருந்து நல்லா தள்ளி புதுசா ஒண்ணு பண்றவங்களுக்குத்தான், பெஞ்ச்ல இருந்து கம்ப்யூட்டருக்குப் போற உங்க கதை அதுக்கு நல்லா பொருந்தும். அமெரிக்கா போனா என்ஐஎச் (அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) தர்ற கே99-ன்னு ஒண்ணு, போஸ்ட்டாக் அனுபவம் 4 வருஷத்துக்குள்ள அப்ளை பண்ணணும்ங்கறதுதான் அதோட விதி, குடியுரிமை தேவையில்ல, ரெண்டு வருஷம் போஸ்ட்டாக்கா இருந்துட்டு அடுத்த மூணு வருஷம் சொந்த குரூப்புக்கு பணம் கூடவே வரும். விதிகள அப்ளை பண்ற வருஷம் அவங்க பக்கத்துலயே ஒரு தடவ படிச்சிடுங்க. இதுல ஒண்ணு கிடைச்சாலும் லேப்ல உங்க இடமே மாறிடும், உங்க சம்பளம் உங்க பேர்ல வருது, அப்ப "திங்கக்கிழமைக்குள்ள பாத்துடலாமா"ங்கறதுக்கு இல்லைன்னு சொல்ல முடியும்.

எத்தன வருஷம்னா, என் அபிப்ராயம் மொத்தமா அஞ்சு, அதுக்கு மேல வேண்டாம். அமெரிக்காவுல என்ஐஎச்க்கு ஆலோசனை சொல்ற குழுவும் 2023 டிசம்பர்ல அஞ்சு வருஷ வரம்பத்தான் பரிந்துரைச்சாங்க. மூணாவது வருஷ முடிவுல உக்காந்து, சொந்த கேள்வி ஒண்ணு நிக்குதா, அது என் பேரோட சேந்து வெளிய தெரியுதான்னு பாருங்க. இல்லன்னா இன்னொரு போஸ்ட்டாக் எடுக்கறதுக்குப் பதிலா வேற கதவத் தட்டுங்க. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்ல அந்தக் கதவுகள் நிறைய, மருந்து கம்பெனி, க்ளினிக்கல் ஜீனோமிக்ஸ் லேப், இன்ஸ்டிட்யூட்ல கோர் ஃபெசிலிட்டி (எல்லா லேபுக்கும் பொதுவான சேவைப் பிரிவு), ஸ்டாஃப் சயின்டிஸ்ட், ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர். இந்தக் கடைசிப் பேரே 2012-லதான் பிரிட்டன்ல வச்சாங்க, பேப்பர் எண்ணிக்கைல மாட்டாம கோடுக்கே மதிப்பு கிடைக்கணும்னு. இண்டஸ்ட்ரிதான் வேணும்னு இப்பவே மனசுல இருந்தா கம்ப்யூட்டர் பக்கத்துல போஸ்ட்டாக் இல்லாமலே நேரா போகலாம், ரெண்டு வருஷம் மிச்சம். நடு ஆத்தரா ஒன்பது பேப்பர் வச்சிருந்த எனக்கும் கம்பெனில இருந்து ரெண்டு ஆஃபர் வந்துச்சு, அங்க அது நல்ல தகுதிதான், ஆனா எனக்கு குரூப் நடத்தணும்னு இருந்துச்சு, அதுக்குத்தான் அது போதல.

அப்புறம் ஒண்ணு, இத தள்ளிப் போடாதீங்க. தீசிஸ்ல இருக்கற அந்த ஆர்என்ஏ-சீக் சாப்டர, லேப்ப விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி ஜர்னலுக்கு முன்னாடியே பேப்பர வெளியிடற பயோஆர்கைவ் தளத்துல போட்டுடுங்க, உங்க பிஐ ஒத்துக்கிட்டா கோடையும் கிட்ஹப்ல சேத்து. புது லேப் போனப்புறம் பழைய பேப்பர எழுதறது ராத்திரில மட்டும்தான் நடக்கும், நடுவுல ஹார்ட் டிஸ்க் எங்கன்னு தெரியாது, ஜூனியர் வேற வேலைக்குப் போயிருப்பாங்க. நான் அப்ளிகேஷன் படிக்கும்போது முதல்ல திறக்கறது அந்த கிட்ஹப் லிங்க்கத்தான், ரீட்மீ படிச்சிட்டு என் மெஷின்ல ஓட்டிப் பாப்பேன், அது ஓடுச்சுன்னா அடுத்த நாளே அந்த ஆளுக்கு மெயில் போடுவேன்.